ஒன்பது நிமிஷ விமர்சனம்

தியேட்டர் வாசலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு இரக்கம் கூடாது. இதை நான் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். கதவு திறந்ததும் ஜனம் குபுகுபுவென்று வெளியே வரும். ஆளுக்கு நாலு வினாடி. "படம் எப்படி இருக்கு?" என்று மைக்கை நீட்டுவேன். "செம!" "மொக்க!" "ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் இழுவை!" அவ்வளவுதான். அதற்கு மேல் பேசுகிறவர்களைப் பேசவிட்டு, வீட்டுக்குப் போய் வெட்டிவிடுவேன். என் பெயர் ரெக்ஸன் மோத்தா. தூத்துக்குடியில் 'வெளியே வந்ததும்' என்கிற சேனல் என்னுடையதுதான். ஆறு லட்சம் பேர் பார்க்கிறார்கள். வெட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நினைத்திருந்தேன்.

வெட்டுகிற அந்தக் கையைத்தான் ஒரு அக்கா வந்து பிடித்தாள்.

'கல்லுக்கு அந்தப் பக்கம்' படம் வெளியான பொங்கல் அது. விண்கல் ஒன்றைச் சுற்றிவரப் போகும் மூன்று பேர், போகிற வழியில் ரேடியோ கெட்டு, மூச்சுக்காற்றைச் சுத்தம் செய்யும் மிஷினும் கெட்டு, ஒருவர் பின் ஒருவராகச் சாகும் கதை. கதை என்றா சொன்னேன்? அது யாருடைய கதை என்று ஊருக்கே தெரியும். 'வலம்புரி' என்கிற கப்பல் நிஜமாகவே மூன்று பேரோடு ஒரு விண்கல்லைப் பார்க்கப் போயிருந்தது. கிளம்பிய ஐந்தாம் மாதம் அதிலிருந்து பேச்சு வருவது நின்றுபோனது. நின்ற பத்தாம் மாதம் படம் தியேட்டருக்கு வந்துவிட்டது. அவ்வளவு அவசரம் நம் ஆட்களுக்கு. நானும் அந்த அவசரத்தில் பிழைக்கிறவன்தான், அதனால் ரொம்பப் பேசக்கூடாது.

படம் வெளியான மறுநாள் காலையில் அந்த அக்கா என் அலுவலகத்துக்கு வந்தாள். அலுவலகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி. உப்புக் கம்பெனி ஆய்வகத்தின் அடையாள அட்டை அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என் பேரு சண்முகக்கனி. வலம்புரில போன இசக்கிமுத்து எங்க வீட்டுக்காரரு" என்றாள்.

எழுந்து நின்றுவிட்டேன். என்ன சொல்ல? வாய்க்கு வந்தது, "டீ சாப்பிடுதீங்களா அக்கா?"

"சாப்பிடுதேன். நேத்து தியேட்டர் வாசல்ல நீங்க எடுத்த விமர்சனம் எனக்கு வேணும் தம்பி."

"சேனல்லயே இருக்கே. மூணு நிமிஷம் நாப்பது செகண்டு."

"அதைப் பாத்தேன். வெறும் கூச்சலா இருக்கு. வெட்டாதது வேணும்."

ஏழு வருஷத்தில் வெட்டாதது வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் இவள்தான். எனக்குச் சுருக்கென்றது. என் தொழிலையே கூச்சல் என்கிறாளே! ஆனால் கோபப்படுகிற இடமா அது? எதற்கு என்று மட்டும் கேட்டேன்.

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "விண்வெளி மையத்துல வாரம் ஒருக்க எங்களுக்குப் பத்து நிமிஷம் தருவாங்க. நாம பேசுறது பெரிய டிஷ் வழியா கப்பலுக்குப் போகும்."

"ரேடியோதான் கெட்டுப்போச்சுன்னு சொன்னாங்களே?"

"பேசுறதுதான் கெட்டுது. கேக்குறது வேற மிஷினு, வேற ஆண்டெனா. பொடிக்கல்லு ஏதோ அடிச்சு அந்தப் பக்கத்து ஆண்டெனா போயிருக்கும்ங்காங்க. கேக்குறது நல்லா இருக்குமாம். இருக்கும்னுதான் சொல்லுதாங்க, யாரு போய்ப் பாத்தா?"

"அப்ப அவங்க உயிரோட..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"சும்மா கேளுங்க. எல்லாருக்கும் அதுதான சந்தேகம். போகும்போதே பாதை போட்டாச்சு தம்பி. கல்லைச் சுத்திக்கிட்டுத் தானா திரும்பும். உள்ள இருக்கவங்க இருந்தாலும் இல்லாட்டியும் கப்பல் நவம்பர்ல வந்துரும். இறங்குற பெட்டிக்குள்ள சின்னதா ஒரு ரேடியோ இருக்கு. அது நாப்பதாயிரம் கிலோமீட்டருக்குள்ள வந்தாத்தான் நமக்குக் கேக்கும். அது வரைக்கும் நான் பேசிக்கிட்டே இருக்கணும்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பதிலே வராம பேசிப் பாத்திருக்கீங்களா? மொதல்ல அழுதேன். அப்புறம் ஏசினேன். அப்புறம் மீன் விலை, பக்கத்து வீட்டுச் சண்டை, மாமியா மூட்டுவலி எல்லாம் சொல்லி முடிச்சாச்சு. போன வாரம் நாலு நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன். நான் மூச்சு விடுறதுதான் அவியளுக்குக் கேட்டிருக்கும்."

பேசுவதையே பிழைப்பாக வைத்திருக்கிறவன் நான். பேச்சு தீர்ந்துபோகும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"அவியளுக்கு சினிமான்னா உசுரு. ஆனா மொத நாள் உள்ள போக மாட்டாவ. ஷோ விடுற நேரமாப் பாத்து என்னையும் கூட்டிட்டு வந்து வாசல்ல நிப்பாவ. வெளிய வாரவங்க பேசுறதைக் கேக்கணுமாம். 'உள்ள ஒரு கதைதான் கனி, வாசல்ல ஆளுக்கு ஒரு கதை'ம்பாவ. அதான், அந்த வாசலை அனுப்பலாம்னு நெனச்சேன்."

"நீங்க படம் பாத்தாச்சா அக்கா?"

"எப்படித் தம்பி பாக்க? அதுல எங்க வீட்டுக்காரரு சாகுறாருலா."

கம்ப்யூட்டரைத் திறந்து வெட்டாததைப் போட்டேன்.

இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டோம். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர், ஹீரோ சாகும்போது அழுதுவிட்டதாகவும் அழுவதற்காகவே நாளைக்கும் வரப்போவதாகவும் சொன்னார்கள். ஒருவன் படத்தில் சண்டையே இல்லை என்று குறைப்பட்டான். "அங்க யாருகூடல போடுவான்?" என்று அவன் கூட்டாளி மண்டையில் தட்டினான். ஒரு ஆட்டோக்காரர், "அவ்வளவு தூரம் போயி பேஸ்ட்டைத் திங்கான், பாவம். ஒரு புரோட்டா குடுத்து விடக் கூடாதா?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். கனியக்கா அதற்குச் சிரித்தாள். ஆனால் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சாவு சீனைத்தான் புகழ்ந்தார்கள். சாவு செம, கேமரா செம, சாகும்போது வருகிற பாட்டு செம. அக்கா முகம் சுருங்கிக்கொண்டே போனது.

அப்போதுதான் பால்துரை அண்ணாச்சி வந்தார்.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பையில் டெஸ்டர் சொருகியிருந்தார். என் சேனலில் அவர் வருவது நாலே வினாடி. "படம் சரியில்ல தம்பி." அவ்வளவுதான் வைத்திருந்தேன். உண்மையில் அவர் பேசியது ஒன்பது நிமிஷம்.

"படம் சரியில்ல தம்பி. அவன் எதுக்குச் சாகுதான்? நான் முப்பது வருசமா ஐஸ் பிளான்ட்ல இருக்கேன். அந்தக் குழாய்க்குள்ள ஐஸ் அடைச்சுக்கிட்டு, காத்து போகலை. சரி. அதுக்கு அந்தப் பய என்ன செய்தான்? வெளிய இருந்து சூடு காட்டுதான். யாராவது அப்படிச் செய்வாவளா? உள்ள உருகுற தண்ணி ஓடிப்போயி அடுத்த வளைவுல மறுபடி கட்டிக்கும். ஒரு அடைப்பை ரெண்டு அடைப்பாக்கிட்டு, அப்புறம் வசனம் பேசிட்டுச் சாகுதான். மிஷினைத் திருப்பி ஓட்டணும்லா! சூட்டுக்காத்து பின்னாடி இருந்து குழாய்க்கு உள்ளயே வரணும். மொதல்ல வடிகுழாயைத் திறந்து வை. பத்து நிமிஷம் திருப்பி ஓட்டு. அஞ்சு நிமிஷம் சும்மா விடு. மறுபடி ஓட்டு. காத்தே தண்ணியத் தள்ளிட்டுப் போயிரும். அவசரப்படக் கூடாது. தட்டவே கூடாது, தட்டினா குழாய் விரிசல் விட்ரும்..."

இதோடு விட்டாரா? புயல் அடித்த வருஷத்துக்குப் போனார். கரண்ட் இல்லை, பிளான்ட் நிறைய மீன், ஜெனரேட்டரில் டீசல் இல்லை. மச்சினனைக் கேனோடு சைக்கிளில் அனுப்பினாராம். தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீராம். "போனவன் போனவன்தான். மணி ஒண்ணாச்சு, ரெண்டாச்சு..." அந்த இடத்தில் நான் மைக்கைப் பிடுங்கியிருந்தேன். மச்சினன் கதை அந்தரத்தில் நின்றது.

கேட்டுக்கொண்டிருந்தபோதே என் கை பழக்கத்தில் அடுத்த ஆளுக்குத் தாவப் போனது. கனியக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவரு போதும்."

"அக்கா, இவரு மட்டுமே ஒம்பது நிமிஷம். உங்களுக்கு இருக்கதே பத்து. நான் வேணா நறுக்குன்னு ஒரு நிமிஷமாக்கித் தாரேன், மிச்சத்துக்கு அந்த ஆட்டோக்காரரு, காலேஜ் பிள்ளைங்க..."

"நேத்து எத்தன பேரு பேசினாங்க?"

"நூத்தி இருவது இருக்கும்."

"எல்லாரும் எங்க வீட்டுக்காரரு அழகாச் செத்தாருங்காங்க. இவரு ஒருத்தருதான் எதுக்குச் சாகணும்னு கேக்காரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவரை வெட்டாதீங்க தம்பி."

வெட்டவில்லை.

மையத்தின் தரைநிலையம் கடற்கரையில், பனங்காட்டுக்கு நடுவில் இருந்தது. நானே அவளை அழைத்துக்கொண்டு போனேன். குடும்பச் செய்திகளைக் கேட்டுப் பார்த்து அனுப்புகிற அதிகாரி பரந்தாமன். சென்னைக்காரர், கறாரான மனிதர். படத்தின் பெயரைக் கேட்டதுமே கையை உயர்த்திவிட்டார்.

"மேடம், அந்தப் படத்துல எல்லாரும் செத்துப் போறாங்க. சாவுப் பேச்சே மேல போகக் கூடாதுன்னு எங்க மையத்து டாக்டரோட கண்டிப்பான உத்தரவு."

"இவரு சொல்லுதபடி செஞ்சா யாரும் சாகலை சார். கேட்டுப் பாருங்க" என்றாள் அக்கா.

கேட்டார். ஒன்பது நிமிஷமும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். முடிந்ததும் நிமிர்ந்து, "ஏங்க, அந்த மச்சினன் டீசல் வாங்கிட்டு வந்தாரா இல்லையா?" என்றார்.

"தெரியாது சார். நான்தான் மைக்கைப் பிடுங்கிட்டேன்."

"என்ன ஆளுங்க நீங்க!" என்று என்னை முறைத்துவிட்டு, "யாரும் சாகலைதான். போகட்டும்" என்று கையெழுத்துப் போட்டார்.

மிச்சமிருந்த ஒரு நிமிஷத்தில் கனியக்கா மைக்கின் முன்னால் உட்கார்ந்தாள். "ஏங்க, நான்தான். வாசல்ல நிக்கோம்னு நெனச்சுக்கோங்க. இந்த அண்ணாச்சி பேரு பால்துரை. நீளமாத்தான் பேசுவாரு, உங்களுக்குப் பிடிக்கும். எதுக்குச் சாகணும்னு கேக்காருங்க. நானும் அதையேதான் கேக்கேன். அடுத்த வாரம் வாரேன்."

அதன்பிறகு வாராவாரம் போனோம். அந்தப் படம் ஓடி முடிந்து வேறு படங்கள் வந்தன. நான் வெட்டாமல் எடுக்கக் கற்றுக்கொண்டேன். அது சுலபமில்லை ஐயா. எதிரே ஒருவர் தன் கொழுந்தியாள் கல்யாணத்தைப் பற்றிப் பேசும்போது தலையாட்டிக்கொண்டு நிற்கப் பொறுமை வேண்டும். பேசவிட்டால் ஜனங்கள் படத்தைப் பற்றிக் கொஞ்சமும் தங்களைப் பற்றி நிறையவும் பேசுகிறார்கள். அதெல்லாம் கப்பலுக்குப் போனது. யாராவது கேட்கிறார்களா, இல்லை மூன்று பிணங்களுக்குத்தான் சினிமா விமர்சனம் அனுப்பிக்கொண்டிருக்கிறோமா என்று சில நாள் திரும்பி வரும் வழியில் தோன்றும். அக்காவிடம் சொன்னதில்லை. அவளுக்கும் தோன்றியிருக்கும், அவளும் என்னிடம் சொன்னதில்லை.

நவம்பர் வந்தது.

கப்பல் வந்துகொண்டிருப்பது தொலைநோக்கியில் தெரிந்துவிட்டது. ஆனால் அது எப்படியும் வரத்தானே செய்யும்? பேச்சு வருமா என்பதுதான் கேள்வி. மதியம் இரண்டு பத்துக்கு சின்ன ரேடியோ கேட்கும் தூரத்துக்குள் வந்துவிடும் என்று கணக்கு. குடும்பத்தாருக்கு மட்டும் அனுமதி. கனியக்கா என் பெயரைத் 'தம்பி' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அதைப் படித்தபோதே எனக்குப் பாதி கண்ணீர் வந்துவிட்டது, மீதியை அடக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

இரண்டு பத்து. ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும். இரண்டு பதினைந்து. இரண்டு இருபது. பரந்தாமன் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க மெனக்கெட்டுக்கொண்டிருந்தார். கனியக்கா என் கையை நெரித்தாள். இரண்டு இருபத்தாறுக்கு இரைச்சல் நடுவில் ஒரு பெண் குரல் கரகரத்தது.

"தரைநிலையம், வலம்புரி. கமாண்டர் மெஹருன்னிசா. மூணு பேரும் இருக்கோம். நல்லா இருக்கோம்."

அடேயப்பா, அந்த அறையில் எழுந்த சத்தம்! நான் ஏழு வருஷம் தியேட்டர் வாசலில் கேட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. நான் பரந்தாமனைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் விலக்கிக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்து, வரிசையாகக் கேள்வி கேட்டார். தண்ணீர், சாப்பாடு, உடம்பு. காற்று மிஷின் எப்படி என்றும் கேட்டார்.

"பிப்ரவரியில அது படுத்துடுச்சு சார். குழாய்ல ஐஸ் அடைச்சது. புத்தகத்துல போட்டபடி வெளியில சூடு வச்சோம், அடுத்த வளைவுல போய்க் கட்டிக்கிச்சு. அங்கேயும் சூடு வச்சோம், அதுக்கடுத்த வளைவு. ரெண்டு நாளுக்குத்தான் காத்து மிச்சம். அப்ப இசக்கி சொன்னாரு, கனி அனுப்பின அந்த ஐஸ் பிளான்ட் அண்ணாச்சி பேச்சை மறுபடி போடுங்கன்னு. திருப்பி ஓட்டினோம். பத்து நிமிஷம் ஓட்டு, அஞ்சு நிமிஷம் விடு. தட்டலை. எங்க கடிகாரத்துல விடியிறதுக்குள்ள மூச்சு சீராச்சு."

பரந்தாமன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இது எங்களுக்கும் தெரியுமே... கேட்டிருந்தா நாங்களே..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்தினார். அவர்களால்தான் கேள்வி கேட்க முடியாதே. கேள்வி வராமல் எந்தப் பதிலை அனுப்புவது? மைக்கைக் கனியக்காவிடம் நகர்த்தினார்.

"ஏட்டி கனி" என்றது ஸ்பீக்கர்.

இருபது மாதம் பதில் இல்லாமல் பேசியவள், பதில் சொல்ல ஆள் வந்ததும் ஊமையாகிவிட்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கேள்விதானே. அதை வாயசைத்துக் காட்டினேன். அழுகையும் சிரிப்புமாக அதையே கேட்டாள்.

"படம் எப்படிங்க இருக்கு?"

"எங்கட்டி படம் அனுப்பின? விமர்சனம்தான அனுப்பின? அதை விடு. அந்த அண்ணாச்சி மச்சினனுக்கு டீசல் கிடைச்சுதா இல்லையா? பத்து மாசமா இங்க அதே சண்டை. கமாண்டர் கிடைச்சிருக்கும்ங்காவ. எங்ககூட வந்த டாக்டர் இடுப்பளவு தண்ணியில எப்படிக் கிடைக்கும்ங்காரு. என்னால ஒண்ணும் சொல்ல முடியலை."

அன்று சாயங்காலமே ஐஸ் பிளான்ட்டைத் தேடிக்கொண்டு ஓடினேன். பால்துரை அண்ணாச்சி ஒரு குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். துணியைத் தோளில் போட்டார். கண் கலங்கியிருந்தது. ஆனால் மனுஷர் கேட்டது என்ன தெரியுமா?

"நான் அன்னைக்கு ஒம்பது நிமிஷம் பேசினேன். நீ நாலு செகண்டுதான தம்பி போட்ட?"

காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன்.

மூன்று மாதம் ஆஸ்பத்திரி, பயிற்சி எல்லாம் முடிந்து இசக்கிமுத்து ஊருக்கு வந்தார். ஒல்லியான மனிதர், இரண்டு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. தியேட்டர்காரர்கள் அவருக்காக 'கல்லுக்கு அந்தப் பக்கம்' படத்தை ஒரு காலைக் காட்சி போட்டார்கள். கமாண்டரும் டாக்டரும் வந்திருந்தார்கள். கனியக்கா முதல்முறையாக அந்தப் படத்தைப் பார்த்தாள், புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு. பால்துரை அண்ணாச்சியை நடுவில் உட்காரவைத்தார்கள். குழாயில் சூடு காட்டும் காட்சி வந்தபோது கப்பலில் போன மூன்று பேரும் அண்ணாச்சியும் 'திருப்பி ஓட்டு!' என்று ஒரே குரலில் கத்தியது வாசலில் நின்ற எனக்கே கேட்டது.

கதவு திறந்தது. மைக்கை நீட்டினேன். "படம் எப்படி இருக்கு?"

இசக்கிமுத்து மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"நாங்க மேல கேட்ட படம் இது இல்ல தம்பி. அண்ணாச்சி சொன்ன படத்துல நாங்க சாகலைலா."

மைக்கைப் பால்துரை அண்ணாச்சி பக்கம் திருப்பினேன். மூன்று பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"மச்சினன் கதைய முடிங்க அண்ணாச்சி" என்றார் கமாண்டர்.

"அவனா? டீசல் கிடைச்சுது தாயி. முழுக் கேன்." கமாண்டர் துள்ளினார். "ஆனா வந்து சேரலை. வழியில பிரசவ ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் நின்னுபோச்சாம். அங்க ஊத்திட்டு வெறுங்கேனோட வாரான்." இப்போது டாக்டர் துள்ளினார்.

"மீனு?" என்றார் இசக்கிமுத்து.

"அத்தனையும் போச்சு. ஒரு வாரம் அவன்கூடப் பேசலை. அதுக்கு மேல பேசாம எப்படி இருக்க, சொல்லுங்க" என்றவர், அங்கிருந்து அந்த ஆஸ்பத்திரியில் அன்றைக்குப் பிறந்த பிள்ளைகளின் கதைக்குப் போனார். கனியக்கா புருஷன் தோளில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மொத்தம் பதினான்கு நிமிஷம். சேனலில் அப்படியே போட்டிருக்கிறேன். நேரம் இருந்தால் கடைசி வரைக்கும் கேளுங்கள்.